தேரிக்காட்டுல கூடாரம் போடலாமா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு நேயர் வாட்ஸ்அப்ல குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி பக்கம். இப்ப அமெரிக்காவுல இருக்காங்க. லாஸ் வேகாஸ் பக்கத்துல ரெட் ராக் கேன்யன்னு ஒரு இடம், அங்க பிள்ளைகளோட போய் ரெண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கியிருக்காங்க. செக்கச்செவேல்னு பாறை, கொம்பு வளைஞ்ச காட்டு ஆடு, பாலைவன ஆமை எல்லாம் பாத்துட்டு வந்திருக்காங்க. கடைசியில கேட்ட கேள்வி இதுதான்: "நம்ம ஊருக்குப் பக்கத்துலயும் செக்கச்செவேல்னு தேரிக்காடு இருக்கே. லீவுக்கு வரும்போது அங்க கூடாரம் போடலாமா? அங்க என்ன மிருகம் பாக்கலாம்?"

நேரடியா பதில் சொல்லிடறேன். கூடாரம் போடாதீங்க. ஆனா கண்டிப்பா போங்க. விடியக்காலைல போங்க. மிருகம் நிறைய இருக்கு. நீங்க பெரும்பாலும் பார்க்கப்போறது அதுங்களோட காலடித் தடத்தைத்தான். அதுவே ஒரு முழு நாளுக்குப் போதும்.

ஏன் கூடாரம் வேண்டாம்னு சொல்றேன்னா, நான் ஒரு தடவை போட்டேன். அந்தக் கதையைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி தேரின்னா என்னன்னு கொஞ்சம் பாத்துடுவோம். அது தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும்.

பாறையா ஆகாத பாறை

ரெட் ராக் கேன்யன்ல இருக்கிற சிவப்புப் பாறைக்கு ஆஸ்டெக் மணற்பாறைன்னு பேர். வயசு சுமார் 18 கோடி ஆண்டு. டைனோசர் காலம். அந்தப் பாறையை உத்துப் பார்த்தா சாய்வா, குறுக்கும் மறுக்குமா கோடு தெரியும். அது காத்து மணலைக் கொண்டுவந்து சரிவுல கொட்டின கோடு. அதாவது அந்த மலை முழுக்க ஒரு காலத்துல மணல்மேடா இருந்தது. மேல மேல வண்டல் படிஞ்சு, அழுத்தம் ஏறி, மணலுக்கு நடுவுல தாதுக்கள் ஒட்டுப்பசை மாதிரி இறங்கி, கல்லா இறுகிப்போச்சு. அதுக்குச் சிவப்பு கொடுத்தது இரும்பு ஆக்ஸைடு. எளிமையா சொன்னா துரு.

நம்ம தேரியும் காத்து கொட்டின மணல்மேடுதான். அதுக்கும் சிவப்பு கொடுக்கிறது அதே துருதான். ஒரே வித்தியாசம், நம்மது இன்னும் கல்லா ஆகலை. தேரி மணல் எப்பப் படிஞ்சதுன்னு ஒளிர்வு முறையில காலம் கணிச்சிருக்காங்க. மணல் துகள் கடைசியா எப்ப வெயிலைப் பாத்துச்சுன்னு அளக்கிற முறை அது. காத்து இந்த மணலைக் குவிச்சது சுமார் 11,000 ஆண்டுக்கு முன்னாடியிலிருந்து 5,000, 6,000 ஆண்டுக்கு முன்னாடி வரைக்கும்னு அந்தக் கணக்கு சொல்லுது. 18 கோடி ஆண்டுப் பாறைக்குப் பக்கத்துல வச்சா, தேரி நேத்துப் பிறந்த பிள்ளை.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாம். ஒரு கை தேரி மண்ணைத் தண்ணி விட்டு நல்லாத் தேய்ச்சீங்கன்னா, கை செம்மண் நிறமாகும், மணல் கொஞ்சம் வெளுக்கும். ஏன்னா மணலோட உள்பக்கம் சாதாரண குவார்ட்ஸ்தான், வெள்ளை மணல். சிவப்பு மேல பூசின மாதிரி ஒரு மெல்லிய படலம். நம்ம கடற்கரை மணல்ல இல்மனைட், கார்னெட் மாதிரி இரும்பு கலந்த கனத் தாதுக்கள் நிறைய உண்டு. மணப்பாட்டுக் கடற்கரையில கறுப்பு கறுப்பா கோடு விழுந்திருக்குமே, அதுதான். அந்த மாதிரித் தாதுக்கள் மழையிலயும் வெயில்லயும் சிதைஞ்சு, அதிலிருந்த இரும்பு துருவா மாறி, ஒவ்வொரு துகளையும் சுத்திப் படிஞ்சிருக்கு.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. கேன்யன் பாறை மேல ஆயிரம் பேர் நடக்கலாம், பாறை அப்படியேதான் நிக்கும். தேரியைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஒட்டுப்பசை இல்லை. வேர்தான். பனை வேர், கொல்லாமரத்து வேர், உடை மரத்து வேர், அப்புறம் காலுக்குக் கீழ கண்ணுக்கே தெரியாத புல்லு பூண்டு வேர்.

எங்க இருக்கு, எப்படி வந்தது

ஸ்ரீவைகுண்டத்துல நின்னு பாத்தா எல்லாம் பச்சை. அணைக்கட்டு, ரெண்டு பக்கமும் கால்வாய், வயல், வாழை. தாமிரபரணியோட கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம்தான். திருச்செந்தூர் ரோட்டைப் பிடிச்சு ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வரைக்கும் அதே பச்சைதான். குரும்பூர்ல தெக்க திரும்பி நாலுமாவடி தாண்டினா வாழை நின்னுபோகும், பனை ஆரம்பிக்கும். தரை மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் திடீர்னு ரத்தச் சிவப்பு. அதுதான் குதிரைமொழித் தேரி. இதே மாதிரி சாத்தான்குளம் பக்கமும், சாயர்புரம் பக்கமும் தேரி உண்டு.

இந்தச் சீமைக்கு மேக்க மேற்குத்தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. தென்மேற்குப் பருவக்காத்து மழையை அந்தப் பக்கமே இறக்கி வச்சுட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வெறுங்கையோட இந்தப் பக்கம் பாயுது. முப்பந்தல்ல அத்தனை காத்தாடி நிக்கிறது அந்தக் காத்துக்காகத்தான். ஆடி மாசம் பூரா வீசுற இந்த வறண்ட காத்துதான் தேரியோட சிற்பி. ஆறு கொண்டுவந்த மண்ணையும் கரையோர மணலையும் தூக்கிக் குவிச்சு வச்சிருக்கு.

மழைன்னு பாத்தா ஐப்பசி கார்த்திகை வடகிழக்குப் பருவம்தான். பெய்யற மழையெல்லாம் மணல் உறிஞ்சிடும், ஓடை கிடையாது, குளம் கிடையாது. உறிஞ்சின தண்ணி மேட்டுக்கு அடியில தங்கி, ஓரத்துல பள்ளமான இடத்துல ஊத்தா வெளிய வரும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும். சுத்திலும் சிவப்பு மணல், நடுவுல குளிர்ச்சியா சுனை, அடர்த்தியா மரம். அந்தச் சுனைத் தண்ணி தேரி சேத்து வச்ச மழைதான்.

நாங்க தங்கின ராத்திரி

இப்ப என் கதை. சில வருஷத்துக்கு முன்னாடி, ஜூன் மாசக் கடைசி. நானும் ஒரு நண்பனும், கூடவே எங்க அக்கா பையன். அவனுக்கு அப்ப பத்து வயசு. "மாமா, டென்ட் போடலாம் மாமா"ன்னு ஒரே நச்சரிப்பு. அக்காகிட்ட நாலுமாவடியில நண்பன் வீட்டுல தங்குறோம்னு சொன்னேன். பொய். தேரியில பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாம உள்ள போய்த் தங்குறது குத்தம். அதுவும் எனக்குத் தெரியும். இதை ஒளிக்காம சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி விஷயத்துல எல்லாருமே "ஒரு ராத்திரிதானே"ன்னுதான் ஆரம்பிப்போம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு உள்ள நடந்தோம். அரை மணி நேர நடை. திரும்பி வரும்போது நம்ம காலடியைப் பாத்தே வந்துடலாம்னு நினைச்சோம். ஒரு பள்ளத்துல கூடாரம் அடிச்சோம். அடிச்சோம்னு சொல்றதே தப்பு. முளைக்கம்பி மணல்ல நிக்கவே இல்லை. காத்து தூக்கித் தூக்கி அடிச்சது. கடைசியில கூடாரத்தைச் சுருட்டித் தலைக்கு வச்சுட்டு, தார்ப்பாயை விரிச்சுப் படுத்தோம்.

ஏழு மணிக்கு இருட்டுனதும் என் நண்பன் வண்டியில தண்ணி கேன் இருக்கு, எடுத்துட்டு வரேன்னு கிளம்பினான். பத்து நிமிஷத்துல திரும்பி வந்துட்டான். "காலடியே இல்லடே"ன்னான். டார்ச் அடிச்சுப் பாத்தோம். நாங்க நடந்து வந்த தடம் முழுக்கக் காத்து தடவி அழிச்சிருந்தது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி உடைமரம். போன்ல சிக்னல் வந்து வந்து போச்சு, சார்ஜும் இறங்கிடுச்சு. கையில ஒரு லிட்டர் தண்ணி. அதைப் பையனுக்குன்னு வச்சுட்டோம். அவன் முதல்ல ஜாலியா இருந்தான், அப்புறம் பேசறதை நிறுத்திட்டான். பத்து வயசுப் பையன் பேசாம இருந்தா எப்படி இருக்கும்னு பிள்ளை வளர்க்கிறவங்களுக்குத் தெரியும்.

ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு மேல காத்து அடங்கிப்போச்சு. பக்கி ஒண்ணு விடாம கூவிக்கிட்டே இருந்தது. நாங்க தூங்கலை. நாலரை மணி இருக்கும், ஒரு வெளிச்சம் வந்தது.

"யாருல அது?"

பனையேறி ஒருத்தர். அறுபது வயசு இருக்கும். இடுப்புல அருவாப்பெட்டி, கையில முருக்குத்தடி. பதனீர் காலத்துல விடியறதுக்கு முன்னாடியே பனை ஏற ஆரம்பிச்சிடுவாங்க.

"அண்ணாச்சி, வழி தவறிட்டோம்"னேன்.

"தேரியில வழி எங்க தம்பி இருக்கு, தவறுறதுக்கு?"ன்னார்.

எங்களைத் திட்டுவார்னு பாத்தேன், திட்டலை. பையனைப் பாத்தார். "யய்யா, எந்திரிக்காத. அப்படியே இரி"ன்னு சொல்லிட்டு, அவன் படுத்திருந்த பக்கம் டார்ச்சை மணலோட மணலா சாய்ச்சுப் பிடிச்சார். தார்ப்பாய்க்கு ரெண்டு முழம் தள்ளி ஒரு தடம். சாய்ஞ்ச சாய்ஞ்ச கோடு, ஒண்ணை ஒண்ணு தொடாம, ஏணிப்படியைச் சரிச்சுப் போட்ட மாதிரி வரிசையா போய் புல்லுக்குள்ள முடிஞ்சிருந்தது.

"சுருட்டை"ன்னார். சுருட்டை விரியன். பக்கவாட்டுல உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு நகர்ற பாம்பு, அதனாலதான் தடம் விட்டு விட்டு விழுது. "இப்பதான் போயிருக்கு. காத்து அடங்கின பொறவுதான் இந்தக் கோடு நிக்கும்."

சுத்திலும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் பையனை எழுப்பி நிறுத்தினார். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே அவன் கேட்டான்: "தாத்தா, அது நம்மளப் பாத்துச்சா?" அவர், "நீ பாக்காத நேரத்துல எல்லாம் அது பாத்துக்கிட்டுதான் இருக்கும்"னார்.

கால் மணி நேரத்துல எங்களை அவரோட விடிலிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி போடற ஓலைக் குடிசைக்கு விடிலின்னு பேர். நாங்க ராத்திரி பூரா தேடின தார் ரோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சதும் மூணு மாசம் என்கூடப் பேசலை. அதுல நியாயம் இருக்கு.

தடம் படிக்கிற வித்தை

விடிலியில உக்காந்து சூடா ஆளுக்கு ஒரு சொம்பு பதனீர் குடிச்சிட்டு, வெளிச்சம் வந்ததும் அந்த அண்ணாச்சி பையனைத் தேரி ஓரத்துல கொஞ்ச தூரம் நடத்திக் காட்டினார். அன்னைக்கு அவர் சொன்னதும், அதுக்கப்புறம் நான் போய்ப் போய்க் கத்துக்கிட்டதும்தான் இனி சொல்லப்போறது.

முதல் விஷயம், நேரம். பகல்ல வெயில் ஏற ஏறக் காத்து எழும்பும், தடத்தையெல்லாம் அழிக்கும். பின்ராத்திரியில அடங்கும். அந்த மூணு நாலு மணி நேரத்துல நடமாடின எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு, எட்டரை வரைக்கும்தான் படிக்கலாம். அப்புறம் பலகையைத் துடைச்சிடுவாங்க.

ரெண்டாவது, வெளிச்சம். சூரியன் உங்களுக்கு எதிரே இருக்கணும், தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கணும். அப்பத்தான் பள்ளத்துல நிழல் விழும். முதுகுப் பக்கம் சூரியன் இருந்தா, கண்ணு முன்னாடி இருக்கிற தடம்கூடத் தெரியாது.

இனி ஆளுங்க. முயல் தடம் பாத்தா குழப்பமா இருக்கும். சின்னதா ரெண்டு புள்ளி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, அதுக்கு முன்னாடி பெருசா ரெண்டு பக்கத்துல பக்கத்துல. பெரிசு பின்னங்கால். தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி முன்னாடி விழும். அதனால பெரிய தடம் இருக்கிற பக்கம்தான் முயல் போன பக்கம்.

நரித் தடம் நாய்த் தடம் மாதிரியே இருக்கும், கொஞ்சம் ஒடுங்கினது. ஆனா நடையில கண்டுபிடிச்சிடலாம். ஊர் நாய் அங்க மோந்து இங்க மோந்து வளைஞ்சு வளைஞ்சு போகும். நரிக்கு வெட்டி நடை கிடையாது, நூல் பிடிச்ச மாதிரி நேர்கோட்டுல போகும். காட்டுப்பூனை தடம் உருண்டையா இருக்கும், நகம் பதியாது. பனையில ஏறிக் கலயத்துல வாய் வைக்கிற மரநாய்க்கு அஞ்சு விரல் பதியும்.

உடும்பு போனா ரெண்டு பக்கமும் நகத் தடம், நடுவுல வால் இழுத்த கோடு நெளிஞ்சு நெளிஞ்சு வரும். மயில் மூணு விரல், பெருசா. ஆண் மயில் நடந்த இடத்துல சில சமயம் தோகை கூட்டின விளக்குமாத்துக் கோடு இருக்கும். வண்டு போன தடம் தையல் மெஷின்ல ஓட்டின மாதிரி. கொல்லாமரத்து நிழல்ல சின்னச் சின்னக் கூம்புக் குழி இருந்தா அது குழியானை. ஒரு எறும்பு விளிம்புல தவறினா போதும், அடியிலிருந்து மணலை வாரி இறைச்சு உள்ள இழுத்துடும். பிள்ளைகளை அரை மணி நேரம் அங்கேயே உக்கார வச்சிடலாம்.

தடம் மட்டும்னு இல்லை. வெயில் ஏறினதும் விசிறித் தொண்டை ஓணான் வெளிய வரும். ஆண் ஓணான் ஒரு குச்சி மேலயோ கல்லு மேலயோ ஏறி நின்னு, தாடைக்குக் கீழ தோலை விசிறி மாதிரி விரிச்சு விரிச்சு மடக்கும். பெண்ணைக் கூப்பிடறதும் அதுதான், அடுத்தவனை மிரட்டறதும் அதுதான். இந்த இனத்துல ஒரு வகையை 2016ல தென் தமிழ்நாட்டிலிருந்து புதுசா விவரிச்சு, அதுக்கு 'சிட்டானா மருதம்நெய்தல்'னு பேர் வச்சாங்க. நம்ம திணைப் பேரையே விலங்கியல் பேராக்கிட்டாங்க. வயல் முடியற இடத்துக்கும் கடல் ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல வாழற உயிருக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

பறவைக்கு மேல பாருங்க. பனை ஓலையில பனை உழவாரன், தூக்கணாங்குருவிக் கூடு, கம்பியில பஞ்சுருட்டான், பனங்காடை. தரையில கௌதாரி, ஆட்காட்டி. ஆட்காட்டி கத்தினா நீங்க வந்தது ஊருக்கே தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

கண்ணால மிருகம் பாக்கணும்னா வல்லநாடு

"தடம் சரி, முழு மிருகம் பாக்கணுமே"ன்னு பிள்ளைங்க கேக்கும். அதுக்கும் ஸ்ரீவைகுண்டம் வட்டத்துலயே இடம் இருக்கு. தேரிக்கு எதிர்த் திசையில, திருநெல்வேலி தூத்துக்குடி நெடுஞ்சாலை ஓரத்துல, வல்லநாடு வெளிமான் சரணாலயம். 1987ல அறிவிச்சது, 16.41 சதுர கிலோமீட்டர். வெளிமான் இயற்கையா வாழற இடங்கள்ல இந்தியாவோட தென்கோடி இதுதான்.

மலைன்னு சொன்னாலும் பெரிய காடு கிடையாது. பாறை, முள்ளுப்புதர், குடை விரிச்ச மாதிரி குடைவேல மரம். வெளிமானுக்கு அதுதான் வேணும். அது ஒளிஞ்சு பிழைக்கிற மிருகம் இல்லை, தூரத்துலயே பாத்து ஓடிப் பிழைக்கிற மிருகம். அதனால திறந்தவெளி வேணும். வளர்ந்த ஆண் மேல கறுப்பு, அடியில வெள்ளை, திருகுன கொம்பு. பெண்ணும் குட்டியும் வெளிர் பழுப்பு, பொதுவா பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. ஆண் தன் எல்லைக்குள்ள ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அந்தக் குவியல்தான் அதோட வேலிக்கல். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அசையாம காத்திருந்தா ஆள் வரும்.

இங்கயும் வனத்துறை அனுமதியோடதான் போகணும். காலையோ சாயங்காலமோ போங்க. பைனாகுலர் எடுத்துக்கோங்க. குட்டியைப் பாத்தா கிட்டப் போகாதீங்க. தாய் விட்டுட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சுத் தூக்கிட்டு வர்றவங்க உண்டு. தாய் எங்கயும் போகலை, உங்களுக்காகத்தான் தள்ளி நிக்குது.

ஏன் தங்க வேண்டாம்

பாம்பு, வழி தவறுறது எல்லாம் நமக்கு வர்ற ஆபத்து. தேரிக்கு நம்மளால வர்ற ஆபத்து வேற.

மணல் எப்படி நகருதுன்னு பாருங்க. காத்து ஒரு துகளைத் தூக்கும். அது பறக்காது, தத்தும். ஒரு தத்துத் தத்தி விழும்போது இன்னும் சில துகளை எழுப்பி விடும். இப்படித்தான் மேடு நகரும். அதை நிறுத்தறது மேலாப்புல இருக்கிற லேசான பொருக்கும், புல்லு வேரும்தான். அங்க ஒரு ஜீப் டயர் ஏறினா, பொருக்கு உடையும். அடுத்த ஆடிக் காத்து அந்தக் காயத்துல நுழைஞ்சு தோண்டும். பள்ளம் பெருசாகும், ஓரத்துல நிக்கிற மரத்தோட வேர் வெளிய தெரியும், அப்புறம் மரம் சாயும். வெள்ளைக்காரன் காலத்துலயே, நகர்ற தேரியைப் பிடிச்சு நிறுத்த இங்க மரம் நட்டிருக்காங்க. தலைமுறை தலைமுறையா வேர் பிடிச்சதை ஒரு ரீல்ஸ் வீடியோவுக்காக ஒரு மணி நேரத்துல கிழிச்சிடலாம்.

கூடாரம்னா ஜீப் இல்லையேன்னு கேக்கலாம். கூடாரம் வந்தா அடுப்பு வரும். காஞ்ச ஓலையும் சருகும் காத்தும் இருக்கிற இடத்துல ஒரு பொறி போதும். அடுப்புக்கு விறகு ஒடிப்பாங்க. வெளிச்சம், பாட்டு. பின்ராத்திரி நாலு மணி நேரம்தான் அந்த உயிர்களோட நேரம்னு சொன்னேன்ல, அதையும் நாம எடுத்துக்கிறோம். அமெரிக்காவுலயும் ரெட் ராக் கேன்யன்ல நினைச்ச இடத்துல கூடாரம் போட விடமாட்டாங்க. அதுக்குன்னு ஒதுக்கின இடத்துலதான். நம்ம நேயர் தங்கினதும் அப்படி ஒரு இடத்துலதான் இருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. தேரியில முகாம் போட்ட முதல் ஆளுங்க நாம இல்லை. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க வேட்டைக்காரங்க தங்கியிருக்காங்க. அவங்க செஞ்ச நுண்கற்கருவிகள், அதாவது நகம் அளவுக்குச் சின்னதான கல்லுச் சில்லுகள், சாயர்புரம் மாதிரி தேரிகள்ல கிடைச்சிருக்கு. சாய்னர், ஆல்ச்சின்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 1956ல இதைப் பத்தி விரிவா எழுதி, உலகத் தொல்லியல்ல 'தேரி'ங்கிற வார்த்தையை நிலைக்க வச்சாங்க. கூர்மையா, பளபளன்னு ஒரு சில்லு காலடியில கிடந்தா, படம் எடுங்க, பையில போடாதீங்க. அது எந்த மண் அடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடந்ததுங்கிறதுதான் சேதி. வீட்டு ஷோகேஸ்ல அது வெறும் கல்லு.

அப்ப எப்படிப் போகலாம்

தை, மாசி நல்ல காலம். மழை முடிஞ்சு மணல்ல கொஞ்சம் ஈரம் இருக்கும், தடம் அச்சு வார்த்த மாதிரி நிக்கும், காத்தும் குறைவு. பங்குனிக்கு மேல வெயில், ஆனி ஆடியில காத்து. வடகிழக்குப் பருவத்துல ஊர் நிலவரம் கேட்டுட்டுக் கிளம்புங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தேரிக்குப் பக்கத்துல இருக்கிற காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட நின்னுபோச்சு.

ராத்திரி ஸ்ரீவைகுண்டத்துலயோ திருச்செந்தூர்லயோ தங்குங்க. ரெண்டு இடத்துக்கும் ரயில் உண்டு, விடுதி உண்டு. விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினா வெளிச்சம் வர்றதுக்குள்ள தேரி ஓரத்துக்கு வந்துடலாம். கோயில் பாதை, ஊர்ப்பாதை, ரோட்டு ஓரம், இதை விட்டு உள்ள போகணும்னா வனத்துறையில கேட்டுட்டுப் போங்க. கூட உள்ளூர் ஆள் ஒருத்தர் இருக்கட்டும், அவருக்குக் கூலி கொடுங்க. காலை மூடின செருப்பு, கணுக்காலுக்கு மேல, தளர்ந்த கால்சட்டை. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. கையைப் புதருக்குள்ளயோ ஓலைக் குவியலுக்குள்ளயோ விடக்கூடாது.

பாம்பு கடிச்சா கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காம, 108க்குப் போன் பண்ணி நேரா அரசு மருத்துவமனை. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து சுருட்டை விரியனுக்கும் சேத்துத்தான் தயாரிக்கிறாங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போகணும்னு அவசியம் இல்லை.

கூட்டத்தோட, கொண்டாட்டத்தோட தேரியைப் பாக்கணும்னா, தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்ல கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு வாங்க. கார்த்திகை முடிஞ்சு மார்கழி பிறக்கிற சமயம். எத்தனையோ ஊர்லேர்ந்து சனம் வந்து, ஒரு பிடி தேரி மண்ணைத் துணியில முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க.

எங்க அக்கா பையன் இப்ப காலேஜ் போறான். அக்கா அனுமதியோடதான் வருஷத்துக்கு ரெண்டு தடவை என்கூட வர்றான். வண்டியை விட்டு இறங்கினதும் அவன் முதல்ல பாக்கறது காத்து எந்தப் பக்கம்னு. நோட்டுல தடம் வரைஞ்சு வச்சிருக்கான், ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு. முதல் பக்கத்துல அந்த ஏணிப்படிக் கோடு.

அந்த அண்ணாச்சியைப் போன பதனீர் காலத்துல பாத்தோம். இப்ப பனை ஏறலை, முட்டி ஒத்துழைக்கலைன்னார். அவர் மகன் திருப்பூர்ல இருக்கார். "நான் நிப்பாட்டினா இந்த அம்பது மரத்துக்கும் ஆள் கிடையாது. விடியக்கருக்கல்ல தேரிக்குள்ள டார்ச் அடிக்கவும் ஆள் கிடையாது"ன்னார். நீங்க தேரிக்குப் போனா, திரும்பும்போது உடன்குடிப் பக்கம் ஏதாவது ஒரு விடிலியில நேரா நின்னு ஒரு கிலோ கருப்பட்டி வாங்கிட்டுப் போங்க. பேரம் பேசாதீங்க.

லீவுக்கு வாங்க, விடியக்காலை அஞ்சு மணிக்கு அலாரம் வச்சுக்கோங்க.